முள்ளை முள்ளால் எடுப்போம்

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, மண்டபம் தந்துதவிய தர்மகர்த்தா அவர்களே, தோட்டக்காரப் பெருமக்களே, வணக்கம்.

திசில் முட்செடியின் துருநோய், அதைப் பரப்பும் முறை, நகரசபைக்கு ஒரு வேண்டுகோள் என மூன்று விடயங்கள் பேச வந்தேன். முள்ளை முள்ளால் எடு என்றார்கள் பெரியோர். ஒன்டாரியோவில் நம் பாத்திகளை விழுங்கும் கனடா திசிலின் பிறந்தகம் ஐரோப்பாவும் மேற்காசியாவும். கொத்தக் கொத்தப் பெருகும். இரண்டு சென்ரிமீற்றர் வேர்த்துண்டும் முளைத்துவிடும். அந்த வேருக்குள்ளேயே குடியேறுவது பக்சினியா என்ற துருப்பங்கசு.

வசந்தத்தில் குனிந்து பாருங்கள். நோய் கண்ட தண்டு வெளிறி, மெலிந்து, மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும், பூக்காது. ஆனால் பூவைப்போல இனிய வாசம் வீசும். அந்த வாசத்துக்கு வரும் பூச்சிகள்தான் பங்கசின் இனக்கலப்புக்குத் தூதர்கள். பிறகு இலையடியில் செம்பழுப்புத் தூள் கிளம்பும். காற்றில் போய் அயற்செடிகளின் இலைகளில் புள்ளிபுள்ளியாய்ப் படியும்.

அவுஸ்திரேலியக் கதையைச் சொல்லாமல் போகமுடியாது. அங்கே கோதுமை வயல்களில் திசிலின் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஸ்கெலிற்றன் வீட்’ என்ற களை. கம்பிபோன்ற தண்டு அறுவடை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும், பால் பிசுபிசுக்கும். கமக்காரர் தவித்தார்கள். 1971இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த துருவை விட்டார்கள். காற்றே அதை வயல்வயலாகச் சுமந்தது. அந்தக் களையின் ஒடுங்கிய இலை வடிவம் பெரும்பாலும் மடிந்தே போயிற்று! ஆனால் அந்த இடத்தை அகன்ற இலை வடிவங்கள் பிடித்துக்கொண்டன. அந்தத் துரு அவற்றை ஒன்றும் செய்யவில்லை. முள்ளை முள்ளால் எடுக்கலாம், பொருந்திய முள்ளாக இருக்கவேண்டும்.

நம் துரு இந்தத் திசிலைத்தான் பிடிக்கும். சூரியகாந்தியும் லெட்டூசும் அதே குடும்பமென்று பயப்படாதீர்கள்.

கோடை முடிவில், கரும்பழுப்புத் தூள் படிந்த இலைகளை உங்கள் வளவிலேயே சேருங்கள். பொலித்தீன் பையில் அடைத்தால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கடதாசியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். நொறுக்கி, இலையுதிர்காலத்தில் தரையோடு விரிந்த இளந்திசில்களின் நடுக்குருத்தில், மாலையில் தண்ணீர் தெளித்துத் தூவுங்கள். இரவுப்பனி ஈரம் காக்கும். பகல் வெயிலில் தூவினால் அந்தத் தூளிலுள்ள பங்கசு வித்திகள் முளைக்காது. கோடையில் வளர்ந்த தண்டில் தூவினால் இலைப்புள்ளியோடு நின்றுவிடும். இலையுதிர்காலத்தில்தான் சத்து வேருக்கு இறங்குகிறது, பங்கசும் கூடவே இறங்குகிறது.

நகரசபை உறுப்பினர் ஐயா இருக்கும்போதே கேட்கிறேன். வீதியோரத்தில் வெளிறி நிற்கும் அந்தத் தண்டுகளை வசந்தத்தில் வெட்டவேண்டாம், மருந்தடிக்கவும் வேண்டாம். இந்தப் பங்கசு உயிருள்ள திசிலில்தான் வளரும். ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தெடுக்க வழியில்லை. துருவைக் கொண்டு திசிலை அடக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது 1893இல். முள்ளை முள்ளால் எடுக்க அந்த முள்ளை முதலில் நிற்கவிடுங்கள், ஐயா. தூள் பறந்து முடியும்வரை, சில கிழமைகள்தான் கேட்கிறோம்.