கல்லே இல்லாத ஓர் அளவீடு

நேயர்களுக்கு வணக்கம்.

சிர்க்கான் என்றொரு படிகம். மணல் துகள் அளவுதான் இருக்கும். பாறைக்குழம்பு ஆறி இது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய அண்டவே விடாது. ஆகவே பின்னாளில் இதற்குள் ஈயம் இருந்தால், அது பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து பிறந்த ஈயம். யுரேனியம் 238-இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். மிச்சமிருக்கும் யுரேனியத்தையும் பிறந்த ஈயம் 206-ஐயும் அளந்தால் படிகத்தின் வயது தெரிந்துவிடும்.

அளப்பது நிறை நிறமாலைமானி. ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக் என்போம். அணுக்களை அயனிகளாக்கி காந்தப்புலத்தில் பாய்ச்சினால் எடை குறைந்தவை அதிகம் வளையும், கூடியவை குறைவாக வளையும். 206, 207, 208 என ஈயத்தின் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள், தனித்தனி இடங்களில் போய் விழும்.

ஆனால் கருவிக்கு எடை மட்டும்தான் தெரியும். ருபீடியம் 87-உம் ஸ்ட்ரான்ஷியம் 87-உம் வேறு வேறு தனிமங்கள், ஆனால் அதற்கு ஒன்றே. அதனால் பாறைப்பொடியை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் கரைத்து, பிசின்மணி நிரப்பிய சிறு குழாய்களில் சொட்டுச் சொட்டாக இறக்கி, தனிமங்களைப் பிரித்த பிறகே கருவியிடம் போவோம். எங்கள் நாட்களில் பெரும்பகுதி இந்தக் குழாய்களின் முன்னால்தான் கழிகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த ஈயம் கல்லிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ ஒட்டிக்கொண்டதா என்பதும் கருவிக்குத் தெரியாது.

1948-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளேர் பேட்டர்சன் என்ற ஆராய்ச்சி மாணவர் சிர்க்கானில் உள்ள ஈயத்தை அளக்கத் தொடங்கினார். இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாகவே வந்தது. எத்தனை முறை அளந்தாலும் அப்படித்தான். கண்ணாடிக் குடுவையில், தண்ணீரில், அமிலத்தில், தூசியில் எங்கும் ஈயம் இருந்தது. பல ஆண்டுகள் அவர் செய்த வேலை கழுவுவதும் வடிப்பதும்தான். பிறகு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தூசி புகாத ஆய்வகம் ஒன்றை அமைத்தார். விண்கற்களும் பூமியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவானவை என்பதால், அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லை எடுத்துக்கொண்டார். அதன் ஈயத்தை 1953-இல் அளக்க முடிந்தது. 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், பிழை 7 கோடி என்று வெளியிட்டார். அந்த எண் இன்றும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

எனக்கு அந்த வயதைவிட அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் பெரிது. என் ஆய்வகத்துக்குள் இவ்வளவு ஈயம் எப்படி வந்தது? கடல்நீரையும் துருவப் பனியையும் அளந்து பார்த்தார். பெட்ரோலில் மனிதர்கள் கலந்த ஈயம் உலகக் காற்றெங்கும் பரவியிருப்பதைக் காட்டினார். தொழில்துறையின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அவர் விடவில்லை. 1995 டிசம்பரில் காலமானார். அடுத்த மாதமே, சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை அமெரிக்கா முற்றாகத் தடை செய்தது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கல்லைக் கொடுப்பதில்லை. வெறும் குடுவையைக் கொடுப்பேன். அதே அமிலம், அதே குழாய்கள், அதே கருவி. கல் மட்டும் இருக்காது. கடைசியில் வரும் ஈயம் முழுவதும் நம் கையும் காற்றும் அமிலமும் சேர்த்தது. சிர்க்கான் வேலைக்கு அது 1 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அந்த அளவுக்கோ அதற்குக் கீழேயோ வர வேண்டும். வரும்வரை மறுபடியும் கழுவச் சொல்வேன்.