வயதான பொமேரியனைத் தத்தெடுக்கும் முன்

[காட்சி: வேலூர் சத்துவாச்சாரி, வீட்டு வாசல். வெள்ளைப் பொமேரியன் ஒன்று படி ஏறத் தயங்கி நிற்கிறது.]

வணக்கம். இவள் பேர் ரோஸி. போன ஆடியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வயது 11. வளர்த்தவர்களுக்கு வேலை மாற்றல். போன இடத்து வாடகை வீட்டில் நாய் கூடாதாம். காட்பாடியில் நாய்களை மீட்டுப் பார்த்துக்கொள்ளும் பெண் போன் செய்து, "அக்கா, குட்டின்னா போட்டி போட்டு வர்றாங்க. இதை யாருமே கேக்கமாட்டேங்கறாங்க" என்றாள்.

பொமேரியன், டேஷண்ட், லாசா போன்ற சின்ன ஜாதி நாய்கள் 12 முதல் 15 வருஷம் வரை சாதாரணமாக வாழும். அதனால் பத்து வயதில் எடுத்தாலும் சில நல்ல வருஷங்கள் மீதி இருக்கும். அந்த வருஷங்களைக் கெடுப்பது, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் விட்டுவிடுவதுதான்.

[காட்சி: மேலுதட்டை மெல்லத் தூக்கிக் காட்டும் கை.]

முதலில் வாயைப் பாருங்கள். ரோஸி தட்டுக்கு ஆசையாக ஓடி வருவாள். ஒரு வாய் எடுப்பாள், தலையைச் சாய்ப்பாள், சோறு கீழே விழும். பிறகு தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பசியில்லை என்றுதான் நான் ஒரு வாரம் நினைத்தேன். உதட்டைத் தூக்கினால் கடைவாய்ப் பல்லே தெரியவில்லை. பழுப்பாகக் கல் மாதிரி காரை, ஈறு ஓரமெல்லாம் சிவந்து ரத்தம். நாற்றம் தாங்கவில்லை. இது சின்ன ஜாதி நாய்களுக்கு மிகவும் சகஜம். சின்ன தாடைக்குள் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் அழுக்கு சீக்கிரம் சேரும்.

இதை மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும். "இந்த வயசுல மயக்க மருந்தா?" என்று அம்மா பயந்தார். நியாயமான பயம்தான். அதற்காகத்தான் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்கிறார்கள். இதயத்தையும் கேட்டுப் பார்க்கிறார்கள். சரியாக இருந்தால் வயது மட்டும் தடையில்லை. ரோஸிக்கு ஏழு பல் எடுத்தார்கள். பத்தாம் நாள் குழைந்த சோறும் கோழியும் தட்டில் மிச்சமில்லை. நாலாவது வாரம் பால்காரரைப் பார்த்து முதல்முறையாகக் குரைத்தாள். அதுவரை நாங்கள் அவளை 'சாதுவான நாய்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வலியில் அடங்கிக் கிடந்திருக்கிறாள்.

[காட்சி: தண்ணீர்க் கிண்ணம்.]

பெண் நாய் என்றால் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஆகாத நாய்க்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். நிறையத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும். சீழ் வெளியே வரலாம், வராமலும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டிய விஷயம் இது. அதிகத் தாகம் சிறுநீரகக் கோளாறாகவோ சர்க்கரை நோயாகவோகூட இருக்கலாம்.

கண்ணில் நீலம் கலந்த மங்கல் தெரிந்தால் எல்லோரும் "பூ விழுந்துடுச்சு" என்பார்கள். வயதான நாயின் கண்ணில் வரும் இந்த மங்கல் பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது. பால் போல வெள்ளையாக அடைத்தால் அது புரையாக இருக்கலாம். எதுவென்று மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

நடக்கும்போது திடீரென்று ஒரு காலைத் தூக்கி நொண்டினால் முட்டிச் சிப்பி விலகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டைல்ஸ் தரை இவர்களுக்கு எதிரி. நான் கட்டிலிலிருந்து தட்டு வரைக்கும் கோரைப்பாய் விரித்திருக்கிறேன். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். சின்ன நாய்களின் மூச்சுக்குழாய் தளர்ந்திருந்தால் வாத்து கத்துவது போல இருமும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்தான் நல்லது.

[காட்சி: காலை ஆறு மணி, தெரு.]

நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும்போது விடியற்காலையில் மட்டும் நடை. பாவம் என்று பொமேரியனுக்கு மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த முடி மறுபடி ஒழுங்காக வளராமலே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், வெந்த எலும்பு குடலைக் குத்தும். கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு விஷம்.

அப்புறம், கூட்டி வரும் அன்று பழைய வீட்டிலிருந்து தடுப்பூசிப் புத்தகத்தையும், அது படுத்த போர்வையையும் துவைக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பேரை மாற்ற வேண்டாம், சாப்பாட்டு நேரத்தையும் மாற்ற வேண்டாம். ரோஸி மூன்று நாள் கட்டிலுக்கடியிலேயே இருந்தாள். அந்தப் போர்வையைப் பக்கத்தில் போட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

[காட்சி: இரவு, தூங்கும் ரோஸியின் விலா ஏறி இறங்குகிறது.]

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு சோதனை. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நேற்று ரோஸிக்கு 22. 30-க்குள் இருந்தால் கவலையில்லை. கூடிக்கொண்டே போய் 30-ஐத் தாண்டினால் இதயக் கோளாறாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்குப் போய், எண்ணி வைத்த கணக்கையும் காட்டுங்கள்.