சீட்டு எடுத்தால் போதை விடுமா?

[திரையில்: கண்ணாடிக் கிண்ணம், உள்ளே சீட்டுகள்]

இந்தக் கிண்ணத்தில் 500 சீட்டுகள். 250-இல் 'சபாஷ்' என்பதோடு சரி. 209-இல் ஒரு டாலர் பரிசு: சோப்பு, பஸ் டோக்கன் போல ஏதாவது. 40-இல் 20 டாலர் பொருள். மிச்சமிருக்கும் ஒரே சீட்டுக்கு டிவி மாதிரி பெரிய பரிசு. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று வந்தால், கையை விட்டு எடுக்கலாம்.

விளையாட்டில்லை, சிகிச்சைதான். ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின் என்று மருந்துகள் உண்டு. கொக்கைன் பழக்கத்துக்கென்று அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

[வெர்மான்ட், 1990-களின் தொடக்கம்]

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழு முதலில் கொடுத்தது சீட்டு அல்ல, கூப்பன். பரிசோதனையில் தேறத் தேறத் தொகை ஏறும்; ஒருமுறை சறுக்கினால் பழையபடி முதல் படி. நல்ல பலன் கிடைத்தது. ஆனால் கடைசிவரை தேறுபவருக்கு 12 வாரத்தில் ஆயிரம் டாலர் நெருங்கும். ஊர்ப்புற சிகிச்சை மையம் இதற்கு எங்கே போகும்?

இன்னொரு அமெரிக்க மாநிலமான கனெக்டிகட்டில் ஆய்வாளர் நான்சி பெட்ரி கண்ட வழிதான் இந்தக் கிண்ணம். பாதிச் சீட்டுக்குச் செலவே கிடையாது, ஆனால் எடுப்பவருக்கு ஆசை குறையாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, 8 சமூக மையங்களில் 415 பேரிடம் சோதித்தார்கள். 2005-இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையில் 12 வாரமும் தங்கியவர்கள் 35 சதவீதம், கிண்ணமும் சேர்ந்தபோது 49.

அப்புறம் ஏன் பரவவில்லை? "போதை எடுக்காமல் இருக்கக் காசா?" என்ற முகச்சுளிப்பு ஒன்று. நோயாளியைப் பரிசு காட்டி இழுக்கக் கூடாது என்ற அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் இன்னொன்று. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011-இல் தங்கள் கேன்டீன் கூப்பனையே பரிசாக்கித் தொடங்கின. கலிஃபோர்னியா, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே 2023-இல் இந்தப் பரிசுச் சிகிச்சையைக் கொண்டுவந்தது.

[கலிஃபோர்னியா மையம்: பரிசோதனைக் கோப்பை, கிஃப்ட் கார்டு]

தொடங்கியபோது அங்கே ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 599 டாலர். அதென்ன கணக்கு? அப்போதைய விதிப்படி, 600 ஆனால் வருமான வரிக் கணக்கில் ஏறிவிடும்! பரிசு என்ற மருந்தின் அளவை வரிப் படிவம் தீர்மானித்த கூத்து இது. தொகை சிறுத்தால் பலனும் சிறுக்கும் என்று ஆய்வுகளே சொல்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் கலிஃபோர்னியா விட்டுக்கொடுக்கவில்லை. முடிவு சில நிமிடங்களில் தெரிய வேண்டும், பரிசும் அப்போதே கைக்கு வர வேண்டும். ஆய்வக ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து வந்தால், எதற்குக் கிடைத்த பரிசு என்பதே மறந்துபோகும்.