வேல்ஸ் நாட்டுப் பரதேசி

நேயர்களுக்கு வணக்கம். தமிழில் ‘பரதேசி’ என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வேற்று நாட்டிலிருந்து வந்தவனையும் அது குறிக்கும், கையேந்தித் திரிபவனையும் குறிக்கும். இரண்டாவது பொருள் நாளடைவில் வசையாகவே ஆகிவிட்டது. இந்த இரண்டு பொருளும் ஒரே ஆளிடம், ஒரே காலத்தில், பிசகாமல் பொருந்திய ஒருவரைப் பற்றிப் பேச எனக்கு இன்று வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. கவிஞர் வில்லியம் ஹென்றி டேவிஸ் என்பது அவர் பெயர். வேல்ஸின் தென்கிழக்கு மூலையில் உள்ள நியூபோர்ட் துறைமுகத்தில் 1871ஆம் ஆண்டு பிறந்தவர். நான் இலக்கியப் பேராசிரியன் அல்லன். சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டேவிஸ் என் மனத்தில் ஒட்டிக்கொண்டதற்கு அந்த வேலைதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரும்பு வார்ப்பட வேலை செய்துவந்த தகப்பனார் டேவிஸின் மூன்றாவது வயதில் இறந்துபோனார். தாயார் மறுமணம் செய்துகொள்ள, பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தாத்தா கப்பல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல்துறைக்குப் பக்கத்தில் ‘சர்ச் ஹவுஸ்’ என்ற மதுவிடுதியை நடத்திவந்தார். கடலுக்குப் போகிறவர்களும் கடலிலிருந்து வருகிறவர்களும் வந்துபோகும் வீட்டில் வளர்கிற பையனுக்குப் புவியியல் பாடம் தனியாகத் தேவைப்படாது. பள்ளிப் பருவத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து திருடி அகப்பட்டுப் பிரம்படி வாங்கினார். பிறகு படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலைப் பழக அனுப்பப்பட்டார். அமெரிக்கா போக வேண்டும் என்று கேட்டபோது பாட்டி பணம் தர மறுத்துவிட்டார். அந்தப் பாட்டி இறந்தபோது விட்டுச்சென்ற சொத்தின் வருமானத்திலிருந்து பேரனுக்கு வாரந்தோறும் சில ஷில்லிங் கிடைக்குமாறு ஏற்பாடு ஆயிற்று. அதிலிருந்தே முன்பணம் வாங்கிக்கொண்டு 1893இல் பேரன் கப்பல் ஏறினார். போகாதே என்று தடுத்தவரின் காசில்தான் அந்தப் பயணம் தொடங்கியது. இந்தச் சில ஷில்லிங்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

‘பிச்சை புகினும் கற்கை நன்றே’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். டேவிஸ் அமெரிக்காவில் கற்றுக்கொண்டது பிச்சை எடுக்கும் கலையையே. பிரம் என்று அழைக்கப்பட்ட ஒரு பழுத்த நாடோடி அவருக்குக் குருவாக வாய்த்தார். எந்தத் தெருவில் எந்த வேளையில் எந்தக் கதவைத் தட்டினால் சூடான சாப்பாடு கிடைக்கும், ஓடத் தொடங்கும் சரக்கு ரயிலில் எப்படித் தொற்றிக்கொள்வது, எந்த ஊர்க் காவலரிடம் சிக்கக் கூடாது என்பவையெல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் அடங்கும். பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் இந்த அனுபவங்களை எழுதும்போது டேவிஸ் வெட்கப்படுவதும் இல்லை, வீரம் பேசுவதும் இல்லை. ஒரு தச்சர் தம் உளியைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசுகிறார்.

மிச்சிகன் மாநிலத்தில் குளிர்காலத்தைக் கழித்த விதத்தைப் பாருங்கள். பனி கொட்டும் மாதங்களில் நாடோடிகள் சின்னச் சின்ன ஊர்களைத் தேடிச் சென்று, அங்குள்ள காவல் அதிகாரியிடம் தாங்களாகவே பேரம் பேசிக் கைதாவார்கள். ஒவ்வொரு கைதுக்கும் அந்த அதிகாரிக்கு ஒரு டாலர் கிடைக்கும். தண்டனை விதிக்கிற நீதிபதிக்கும் கட்டணம் உண்டு. சிறையை நடத்துகிறவருக்குக் கைதியின் சாப்பாட்டுக்கென்று நாள் கணக்கில் படி உண்டு. எனவே முப்பது நாள் என்று முன்கூட்டியே பேசி முடித்து, புகையிலைக்கும் வழி செய்துகொண்டு, கணப்பு எரியும் அறையில் சீட்டு விளையாடியபடி பனிக்காலத்தைக் கடத்திவிட்டு, கெடு முடிந்ததும் அடுத்த ஊர்ச் சிறைக்குக் கிளம்புவார்கள். வரி கட்டும் ஊர்க்காரர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் இதில் ஆதாயம் இருந்தது. ஊழல் என்று நாம் பெயர் வைக்கிற இதை அவர் ஒரு வசதியாக எழுதிவிட்டு, முகம் சுளிக்காமல் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

ஆனால் எல்லாமே வேடிக்கையாக இருந்துவிடவில்லை. தென்மாநிலம் ஒன்றில் ஒரு கூட்டம் சிறைக்குள் புகுந்து கறுப்பின மனிதர் ஒருவரை வெளியே இழுத்துக் கொன்றதை அவர் நேரில் பார்த்தார். சதுப்பு நிலத்தில் படுத்துறங்கி மலேரியா கண்டு சாகக் கிடந்தார். பால்ட்டிமோரிலிருந்து லிவர்பூலுக்குப் போகும் மாட்டுக் கப்பல்களில் வேலை செய்து அட்லாண்டிக்கை ஏழு முறையாவது கடந்தார். திரைகடல் ஓடியும் திரவியம் தேடச் சொன்னார்கள். இவர் ஏழு முறை ஓடியும் தேடிய திரவியம் என்று எதுவும் இல்லை. கப்பலில் மாடுகளை விட ஆடுகள் படும் துன்பம்தான் கொடியது என்கிறார். அசைய இடமில்லாமல் அடைபட்டு, புயல் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுத் திணறிச் சாகும் அந்தப் பிராணிகளைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் அவருடைய சாவதானமான நடை சற்றே தடுமாறுகிறது.

பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு ஊர் திரும்பியவரைக் குளோண்டைக் தங்கம் மறுபடி இழுத்தது. தங்கம் கிடைக்கும் அந்த வடக்குக் கோடிக்குப் போய்ச் சேரும் எண்ணத்துடன் கனடாவுக்குக் கப்பல் ஏறினார். 1899 மார்ச் 20ஆம் தேதி ஒன்டாரியோ மாநிலத்தின் ரென்ஃப்ரூ என்ற ஊரில், மூன்றுவிரல் ஜாக் என்ற கூட்டாளியுடன் ஓடும் ரயில் ஒன்றில் ஏற முயன்றார். இங்கேதான் கார்டு வேலை பார்த்தவன் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. நிற்கும் வண்டி புறப்படும்போது எல்லாப் பெட்டியும் ஒருசேர நகர்வதில்லை. ஒவ்வொரு இணைப்பாக இழுபட்டு, அந்தக் குலுக்கல் கடைசிப் பெட்டிவரை ஓடிவரும். அந்த முதல் நிமிடத்தில் ஏறுகிறவன் பிழைத்துக்கொள்வான். வேகம் கூடிய பிறகு ஒவ்வொரு விநாடியும் அவனுக்கு எதிரி. அன்று ஜாக் முதலில் படியில் தாவினார்; தாவியவர் உள்ளே நகராமல் அங்கேயே நின்றுவிட்டார். டேவிஸ் கைப்பிடிக் கம்பியை விடாமல் வண்டியோடு ஓடிக்கொண்டே, வழி விடும்படி கத்தினார். வழி கிடைத்தபோது வண்டி நன்றாக வேகம் பிடித்துவிட்டது. தாவினார், கால் படியை எட்டவில்லை. கீழே விழுந்தவர் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்து பார்த்தபோதுதான் வலது பாதம் கணுக்காலோடு துண்டாகியிருந்தது தெரிந்தது.

பணியில் இருந்த காலத்தில் யார்டில் இப்படி ஏற முயன்றவர்களை நான் திட்டித் துரத்தியிருக்கிறேன். திட்டியதற்காக இப்போதும் வருந்தவில்லை. ஆனால் ஏறுகிறவன் எந்த நொடியில் கணக்குத் தப்புகிறான் என்பதை அவன் பக்கத்திலிருந்து சொல்லக் கேட்டது டேவிஸின் தன்வரலாற்றில்தான்.

பாதத்தோடு போகவில்லை, பிறகு முழங்காலுக்குக் கீழே காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாத அந்தப் பரதேசியைப் பார்க்க ரென்ஃப்ரூ ஊர்மக்கள் மருத்துவமனைக்கு வந்துபோனார்கள். அவர்களுக்கு முன்னால் தாம் காட்டிய துணிச்சல் வெறும் வெளிவேஷம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நான்கு மாதம் முடிவதற்குள் வீடு திரும்பிவிட்டார். தம்மிடம் இருந்த முரட்டுத்தனமெல்லாம் அதோடு வடிந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

அடுத்த சில ஆண்டுகள் லண்டனில் கழிந்தன. இரவுக்குச் சில பென்னி கொடுத்துப் படுத்துக்கொள்ளும் ஏழைகள் விடுதிகளில். பாட்டியின் ஷில்லிங் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டு பட்டினி இல்லாமல் கவிதை எழுத முடிந்தது. கவிதை எழுதுவதை உடன் இருப்பவர்கள் கண்டால் வாழவிட மாட்டார்கள் என்பதால், பொதுச் சமையலறையின் மூலையில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் வரிகளைக் கட்டி, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாளில் இறக்குவாராம். ஒருமுறை சிறு கவிதைகளைத் துண்டுத் தாள்களாக அச்சடித்துக்கொண்டு வீடுவீடாக விற்கப் புறப்பட்டார். அமெரிக்காவில் எத்தனையோ கதவுகளைத் தட்டிச் சாப்பாடு வாங்கிய தேர்ந்த கை அது. இப்போது கவிதையை நீட்டியது, ஒரு கதவும் அசைந்து கொடுக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி அத்தனை தாளையும் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார்.

புத்தகம் போட அச்சகத்தார் கேட்ட தொகை 19 பவுன். அதற்கு அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. வார வருமானத்தைத் தொடாமல் சேரவிட்டு, அது சேரும் மாதங்களில் கட்டைக்காலோடு இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் இறங்கி, செருப்புக்கயிறு, ஊசி விற்றும் கையேந்தியும் வயிறு வளர்த்தார். 1905இல் முதல் கவிதை நூல் வெளிவந்தது. பெரிய மனிதர்களின் முகவரிகளைத் தொகுத்த ஒரு நூலைப் பார்த்து, பிரதிகளை அவர்களுக்கு அனுப்பி, விலையாக அரைக் கிரவுன் அனுப்பவும், வேண்டாமென்றால் புத்தகத்தைத் திருப்பவும் என்று எழுதினார். இதுவும் ஒரு வகையில் கதவு தட்டுவதுதான். இந்த முறை சில கதவுகள் திறந்தன. அவற்றில் ஒன்று நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவின் கதவு. மூன்றாண்டு கழித்து 1908இல் டேவிஸின் தன்வரலாறு ஷாவின் முன்னுரையோடு வெளிவந்தபோது, படித்த இங்கிலாந்து அந்தப் பரதேசியைத் திரும்பிப் பார்த்தது.

அந்த நூலை எழுதி முடிக்க இடம் கொடுத்தவர் எட்வர்ட் தாமஸ். வேல்ஸ் வம்சாவளியினரான அந்த எழுத்தாளர் அப்போது கென்ட் பகுதியில் குடும்பத்தோடு சிரமத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இருந்தும் பக்கத்தில் ஒரு சிறு குடிலை டேவிஸுக்கு ஏற்பாடு செய்து தந்தார். அங்கே இருக்கையில் கட்டைக்கால் உடைந்துபோயிற்று. ஊராருக்குத் தம் ஊனம் தெரியக் கூடாது என்ற கூச்சம் டேவிஸுக்கு இருந்ததால், தாமஸ் படம் மட்டும் வரைந்து கொடுத்து, இன்னது என்று சொல்லாமல், உள்ளூர் வண்டித் தச்சரிடம் புதுக்கால் செய்யச் சொன்னார். தச்சர் செய்தும் கொடுத்துவிட்டார். ஆனால் ரசீதில் என்ன எழுதுவது? ‘விசித்திர கிரிக்கெட் மட்டை’ என்று எழுதினாராம். நம் ஊரில் மரக்கால் என்றால் நெல் அளக்கலாம், மரக்காலாட்டம் ஆடலாம். பந்தடிக்கக்கூடிய மரக்கால் அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நின்று பார்ப்பதற்குக்கூட நேரம் இல்லாத வாழ்வு என்ன வாழ்வு என்று கேட்கும் அவருடைய சிறு கவிதையைப் பள்ளியில் நம்மில் பலர் மனப்பாடம் செய்திருப்போம். 1911இல் வந்த நூலில் இருப்பது அது. வகுப்பில் ஆசிரியர் அதை நடத்தியபோது, தோட்டத்தில் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் துரை ஒருவர்தான் என் கண்ணில் தெரிந்தார். எழுதியவர் ஒற்றைக்காலர் என்பது தெரிய எனக்கு நாற்பது ஆண்டு ஆயிற்று. மரத்தடியில் நின்று ஆடு மாடுகளைப் போல வெறித்துப் பார்க்க நேரம் இல்லை என்று அந்தக் கவிதை சொல்கிறது. எழுதிய கை கப்பலில் ஆடுகளைக் கணக்குப் பார்த்த கை. நேரம் இருப்பவர்கள் யார், அந்த நேரத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்ற கேள்வியைக் கவிதை எழுப்பவில்லை. தன்வரலாறு எழுப்புகிறது, ஒளிக்காமல் விடையும் சொல்கிறது. சமையலறைக் கதவைத் திறந்த பெண்கள், ரென்ஃப்ரூ ஊரார், சேர்ந்து கிடந்த பாட்டியின் ஷில்லிங். உலகம் சுற்றியவர்கள் எழுதிய நூல்கள் பலவற்றில் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு வரிகூட இருக்காது. டேவிஸ் சில்லறை பாக்கிவரை குறித்து வைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் அரசு உதவித்தொகை கிடைத்தது. 1923இல் மணம் செய்துகொண்டார். 1926இல் வேல்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. கிளாஸ்டர்ஷயரின் நெய்ல்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் குடியேறி, 1940 செப்டம்பரில் அங்கேயே இறந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1938 செப்டம்பரில், நியூபோர்ட் நகரம் அவரை அழைத்து விழா எடுத்தது. அரசவைக் கவிஞர் ஜான் மேஸ்ஃபீல்ட் உடனிருக்க, தாத்தாவின் மதுவிடுதிச் சுவரில், டேவிஸ் பிறந்த இடம் என்று நினைவுப் பலகை திறக்கப்பட்டது. உடல் தளர்ந்த நிலையிலும் அவர் வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் வேறு சொல்கிறது: பிறந்தது அதே தெருவின் ஆறாம் எண் வீட்டில், ஜூலை 3ஆம் தேதி. ஏப்ரல் 20 என்றும் பாட்டி வீட்டில் என்றும் அவர் ஆயுள் முழுக்க நம்பியிருந்தார். பலகை ஏறியதும் பாட்டி வீட்டுச் சுவரில்தான்.

வணக்கம்.