அரசுக்குத் தெரிந்ததை நம்மிடம் ஏன் கேட்க வேண்டும்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாட்களை நெல்லைச் சீமையில் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்ததும் அரசு நிவாரணம் அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6000 ரூபாய், மற்ற வட்டங்களில் 1000 ரூபாய். அந்தப் பணத்துக்காக வருமானச் சான்றோ, இருப்பிடச் சான்றோ, இரண்டு புகைப்படமோ யாரிடமும் கேட்கவில்லை. யார் எந்த ஊரில் குடியிருக்கிறார், வீட்டில் எத்தனை பேர் என்பது குடும்ப அட்டைப் பதிவில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்து டோக்கன் கொடுத்தார்கள், ரேஷன் கடையில் பணம் கைக்கு வந்தது. யாருக்கு ஆறாயிரம், யாருக்கு ஆயிரம் என்பதில் மனத்தாங்கல் உண்டானது வேறு விஷயம். படிவம் இல்லாமலே அரசால் இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடிக்க முடியும் என்பதை அன்று கண்ணாரப் பார்த்தோம்.

அதே வீட்டில் ஒரு பெண் விதவை உதவித்தொகைக்கு மனுச் செய்தால் நிலைமை தலைகீழ். அரசு கொடுத்த குடும்ப அட்டை, அரசு கொடுத்த ஆதார், அரசு கொடுத்த இறப்புச் சான்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மறுபடியும் அரசிடமே கொடுக்க வேண்டும். இதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது காலை நேரங்களில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், ஒரு படிவம் எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கோ ஒரு வட்டத்தில் ஒருவர் பொய்த் தகவல் கொடுத்து உதவி வாங்கிவிடுகிறார். தணிக்கையில் அது பிடிபடுகிறது. இதை ஏன் சரிபார்க்கவில்லை என்று மேலிருந்து கேள்வி வருகிறது. உடனே ஒரு சுற்றறிக்கை போகிறது. படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கலம் கூடுகிறது, இணைப்பில் ஒரு சான்று கூடுகிறது. பத்தாண்டு கழித்து அந்தக் கலம் எதற்காக வந்தது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆனாலும் அதை எடுத்துவிட யாரும் துணிய மாட்டார்கள். சேர்த்து வைத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. நீக்கியவரைத்தான் நாளைக்கு விளக்கம் கேட்பார்கள். ஆகவே மேசையில் இருக்கும் உதவியாளரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தைப் போக்கும் அதிகாரம் அரசாணை பிறப்பிப்பவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் பட்டதாரி சான்றை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் 2010-11 கல்வியாண்டு முதல் தமிழக அரசு சலுகை தருகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம். மானூர்ப் பக்கமும் நாங்குநேரிப் பக்கமும் வானம் பார்த்த பூமியில் பாடுபட்ட குடும்பங்களிலிருந்து இன்ஜினியர்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சான்று வாங்குவதற்கு, வீட்டில் இதற்கு முன் பட்டதாரி யாரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எங்கே, அம்மாவுடையது எங்கே, அண்ணன் அக்காவுடையது எங்கே என்று கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கப் போன தகப்பனாரிடம் மாற்றுச் சான்றிதழ் எப்படி இருக்கும்? அவர் கூலி வேலையை விட்டுவிட்டு, தான் படித்த தொடக்கப் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியரிடம் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடித் தரச் சொல்லி நிற்கிறார். கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் இப்படி நிற்கும் தகப்பன்மாரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இதே குடும்பத்தில் வேறு பிள்ளைக்கு முன்பே இந்தச் சான்று கொடுத்திருந்தால், அது வருவாய்த் துறையின் கணினியிலேயே இருக்கும். யாருக்குப் பட்டம் கொடுத்தோம் என்பது பல்கலைக்கழகங்களின் பதிவில் இருக்கும். அங்கே பார்த்துக்கொள்ள வேண்டியதை இந்த மனிதரைத் தேடச் சொல்கிறோம்.

பிள்ளை ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடட்டும். பொய் என்று தெரிந்தால் சலுகையைத் திரும்பப் பெறலாம், வழக்கும் போடலாம். சுய உறுதிமொழியை ஏற்று நடைமுறைகளை எளிமையாக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் தன் 12-ஆவது அறிக்கையில் 2009-ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. நம் வட்டாரத்தில் இன்னமும் சான்று நகல்களில் அரசு அலுவலரின் பச்சை மை கையெழுத்துக்காக மாணவர்கள் வீடு வீடாக அலைவதைப் பார்க்கிறேன்.

அடுத்து, பெயர். இதில் நம் ஊர்க்காரர்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. எஸ். முருகன் என்று ஒருவர். தகப்பனார் பெயர் சுடலைமுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. ஆனால் திரையில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கலம் கேட்கிறது. அதனால் ஆதாரில் முருகன் சுடலைமுத்து, வங்கியில் சுடலைமுத்து முருகன், பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். இசக்கியம்மாள்களுக்கு இன்னும் கஷ்டம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் அட்டையில் ‘ஐ’ எழுத்தில் தொடங்குகிறது, இன்னோர் அட்டையில் ‘ஈ’ எழுத்தில் தொடங்குகிறது. ஊருக்கே தெரிந்த ஆள், கணினிக்கு மட்டும் இரண்டு ஆளாகிவிடுகிறார். பிறகு முத்திரைத்தாள், நோட்டரி, வி.ஏ.ஓ. விசாரணை என்று அலைச்சல். பெயருக்கு ஒரே கலம் வைத்து, தமிழில் உள்ளபடி எழுத விட்டு, எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும்படி மென்பொருளை அமைக்க முடியும். பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் முகவரியும் ஒத்துப்போகும்போது ஒரு எழுத்துக்காக மனுவைத் திருப்பி அனுப்புவது நிர்வாகத்துக்கு அழகில்லை.

கணினி வந்ததால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் தாலுகா அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடந்த காலத்தை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சான்று தயாரானதும் எந்த ஊரிலிருந்தும் அச்செடுத்துக்கொள்ளலாம். நிலம் வாங்கினால், நிலத்தைப் பிரித்து அளக்கும் உட்பிரிவு வேலை தேவைப்படாத இனங்களில் பத்திரப் பதிவோடு பட்டாவும் தானாகவே மாறும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதற்குத் தனியாக மனு வேண்டாம், தாசில்தாரைப் பார்க்க வேண்டாம். பட்டா மாறுதலுக்கு மக்கள் எத்தனை நடை நடந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பெரிய சாதனை என்கிறேன். பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் ஒன்றோடொன்று பேசியதால் ஒரு படிவமே இல்லாமல் போனது. மற்ற துறைகளும் இப்படிப் பேசிக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பேசாமல், காகிதப் படிவத்தை அப்படியே திரையில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? பழைய கலங்கள் அத்தனையும் இருக்கும். கூடவே புதிய தொல்லைகளும் வரும். புகைப்படத்தின் அளவு கூடிவிட்டது என்று திருப்பும். பாதி நிரப்பிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளும், எழுதியது அத்தனையும் போய்விடும். ஓ.டி.பி. எண், தாராவியில் இருக்கும் மகன் போனுக்குப் போகும். அவர் வேலையில் இருப்பார். அம்மா மையத்தில் காத்திருப்பார்.

முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் அம்மா ஒருவரோடு ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். கைரேகை வைக்கச் சொன்னார்கள். வலது கட்டைவிரலை வைத்தார், பதியவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மையத்தில் இருந்த பெண் ஈரத் துணி கொடுத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி என்று ஆண்டுக் கணக்கில் ஒரே வேலையைச் செய்த விரல்கள். ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. கடைசியில் அந்த அம்மா, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. மேலப்பாளையத்திலும் அம்பாசமுத்திரத்திலும் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு மாவட்டத்துக்கு ஒரு சேவையை அமைக்கும்போது, கைரேகை பதியாவிட்டால் அடுத்து என்ன என்பதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். கருவிழிப் பதிவு இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி 2021-இல் வந்துவிட்டது. ஓய்வூதியருக்குக் கிடைத்த அந்த வசதி பீடித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.

இதே போல மனம் நோகச் செய்வது, மனு நிராகரிக்கப்படும்போது வரும் ஒற்றை வரி. ‘உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை.’ எந்த ஆவணம் என்று சொல்வதில்லை. மறுபடி முதலிலிருந்து நிரப்பி, மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். எது குறைகிறது, அது எங்கே கிடைக்கும் என்று தமிழில் இரண்டு வரி எழுதினால் பாதி அலைச்சல் தீரும். முன்பு நிரப்பியதை அப்படியே வைத்திருந்து, குறைந்ததை மட்டும் சேர்க்க விட்டால் மீதியும் தீரும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டில் காகித வேலையைக் குறைப்பதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே மத்திய அரசின் படிவங்களில், இதை நிரப்ப ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டை அச்சிடுகிறார்கள். மக்களின் நேரத்துக்கு ஒரு கணக்கு வைக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. எஸ்தோனியாவில் 2001 முதல் அரசுத் துறைகளின் கணினிகள் ஒரே இணைப்பு அமைப்பின் வழியாகத் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. ஒரே தகவலைச் சேகரிக்க இரண்டு தரவுத்தளங்கள் அமைக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2011 கணக்கெடுப்பில், தென்காசி பிரியாத நம் நெல்லை மாவட்டத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல். ஆகையால் அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் அங்கிருந்து ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். தன் தகவலை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்பதை அங்கே குடிமக்கள் தாங்களே பார்க்கலாம். துறைகளை இணைத்தால் நம் விவரம் யார் கைக்கெல்லாம் போகுமோ என்று இங்கே பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இதுதான் சரியான பதில். இதைச் செய்யாமல் இணைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இணையவழி வந்துவிட்டது என்பதற்காகக் காகிதத்தை ஒழித்துவிடவும் கூடாது. காரையாறு, இஞ்சிக்குழிப் பக்கம் காட்டுக்குள் வாழும் காணி மக்களிடம் போய், இனி எல்லாம் போனில்தான் என்று சொன்னால் அது கதவைச் சாத்துவதுதான். காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும், நேரில் வந்து வாயால் சொன்னாலும், அதை வாங்கிப் பதிந்துகொள்ள ஓர் ஊழியர் இருக்க வேண்டும்.

புதிய படிவமோ செயலியோ வரும்போது, அதைச் சென்னையில் கூட்ட அரங்கில் காட்டிக் கைதட்டல் வாங்குவதற்கு முன்னால், வள்ளியூர் பேருந்து நிலையத்தில் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்கட்டும். எதுவும் சொல்லிக் கொடுக்காமல், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனிக்கட்டும். ஐந்து பேரும் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு படிவத்தில்தான். பழைய படிவங்களை ஆண்டுக்கு ஒருமுறை மேசையில் வைத்து, ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டு கேள்வி கேட்கட்டும். எந்தச் சட்டம் இதைக் கேட்கச் சொல்கிறது? பதில் வந்த பிறகு அதை யார் படிக்கிறார்கள்? இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அந்தக் கலத்தை எடுத்துவிடலாம். எடுத்த அலுவலரைப் பின்னால் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு முடியும்போது, கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி தாலுகாக்களில் நடக்கிறது. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் அங்கே மனுக் கொடுக்கிறோம். படிவத்தைப் பற்றியே மனுக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. இனி கொடுங்கள். படிவத்தின் பெயரை எழுதுங்கள். எந்தக் கலம் புரியவில்லை, எந்தச் சான்றை அரசே வைத்திருந்தும் உங்களிடம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். அலுவலகத்துக்கு அலைந்ததில் எத்தனை நாள் கூலி போயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

நன்றி. வணக்கம்.