கல்லீரல் நொதிகளின் தூண்டலும் அதைச் சோதிக்கும் முறையும்

ஒலி 96.8 நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் பொதுவாக ஆறு மாத காலம் ரிஃபாம்பிசின் என்னும் மருந்தை உட்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் அவர்களுள் பலர் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, தாதியர் முன்னிலையில் அதை விழுங்குகிறார்கள். அதே காலத்தில் ஒரு பெண் கருத்தடை மாத்திரையை நம்பியிருந்தால் அது பலனற்றுப் போகக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவரின் இரத்தத்தில், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு சரிந்து, அந்தச் சிறுநீரகத்தை உடலே நிராகரிக்கும் ஆபத்து உண்டு. இவை அனைத்துக்கும் முதன்மைக் காரணம் கல்லீரலில் நிகழும் ஒரே மாற்றம். ஒரு புதிய மருந்து இத்தகைய மாற்றத்தை உண்டாக்குமா என்பதை, அது நோயாளியிடம் வந்துசேரும் முன்பே, தட்டில் வளரும் கல்லீரல் உயிரணுக்களைக் கொண்டு கண்டறிய முடியும். அந்தச் சோதனையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கல்லீரல் உயிரணுக்களில் சைட்டோக்ரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் இருக்கிறது. அதில் 3ஏ4 என்று குறிக்கப்படும் நொதி, வேறெந்த உறுப்பினரையும் விட அதிகமான மருந்துகளைச் சிதைக்கிறது. ரிஃபாம்பிசின் உயிரணுவுக்குள் நுழைந்ததும் பிரெக்னேன் எக்ஸ் ஏற்பி என்ற புரதத்தோடு பிணைகிறது. அந்த ஏற்பி 3ஏ4 நொதிக்குரிய மரபணுவை முடுக்கிவிட, நொதியை உருவாக்கும் குறிப்பை மரபணுவிலிருந்து ஏந்திவரும் தூது ஆர்என்ஏ பெருகுகிறது, அதைத் தொடர்ந்து நொதியும் பெருகுகிறது. இதையே தூண்டல் என்கிறோம். பெருகிய நொதி மற்ற மருந்துகளை விரைவாகச் சிதைப்பதால் அவற்றின் அளவு உடலில் குறைகிறது. நொதி புதிதாக உருவாகிச் சேர வேண்டியிருப்பதால், உடலில் இதன் முழு விளைவு தெரிய ஓரிரு வாரங்கள் ஆகும்.

எலியின் உயிரணுக்களில் இதைச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1998-இல் இந்த ஏற்பி கண்டறியப்பட்ட பிறகு அதற்கான காரணமும் தெளிவாயிற்று. மனிதரின் ஏற்பியை வலுவாக இயக்கும் ரிஃபாம்பிசின், எலியின் ஏற்பியை அரிதாகவே அசைக்கிறது. எனவே மனிதக் கல்லீரல் உயிரணுக்களே தேவைப்படுகின்றன. மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்படுத்த இயலாத கொடை உறுப்புகளிலிருந்தும், அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் திசுக்களிலிருந்தும் அவை பிரித்தெடுக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்படுகின்றன. முன்பின் அறியாத ஒருவரின் கொடை இல்லாமல் இந்தச் சோதனை நடக்காது என்பதை ஆய்வாளர்கள் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும்.

உறைநிலையிலிருந்து மீட்கப்பட்ட உயிரணுக்களைக் கொலாஜன் பூசிய தட்டில் பரப்பி, அவை ஒட்டிக்கொண்ட பின் மேலே மெல்லிய கூழ்மப் படலம் ஒன்றை இடுவது வழக்கம். அந்தப் பாதுகாப்பு இருந்தும், உடலை விட்டுப் பிரிந்த உயிரணுக்கள் தம் நொதிகளை ஓரிரு நாள்களிலேயே பெருமளவு இழந்துவிடுகின்றன. அவை நிலைகொள்ளச் சற்று அவகாசம் தந்துவிட்டு, அதன் பிறகு இரண்டு அல்லது மூன்று நாள்களுக்கு, உயிரணுக்களை வளர்க்கும் ஊட்டத் திரவத்தில் மருந்தைக் கலந்து நாள்தோறும் புதிதாக மாற்றுகிறோம். ஒப்பிடுவதற்காக, தட்டின் சில குழிகளில் மருந்தைக் கரைக்கும் திரவம் மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில், தூண்டும் எனத் திட்டவட்டமாக அறியப்பட்ட ரிஃபாம்பிசின் இருக்கும். ரிஃபாம்பிசினுக்கே இசையாத உயிரணுக்கள் புதிய மருந்தைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப முடியாது.

எதை அளப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். உயிரணுக்களுக்கு, 3ஏ4 நொதி சிதைக்கும் மிடசோலம் என்னும் மருந்தைக் கொடுத்து, அதை அவை எவ்வளவு விரைவாக மாற்றுகின்றன என்று பார்த்தால் நொதியின் செயல்திறன் தெரியும். நெடுங்காலம் இதுவே முதன்மை அளவீடாக இருந்தது. ஆனால் ரிட்டோனாவிரை எண்ணிப்பாருங்கள். கோவிட் காலத்தில் நாம் அறிந்த பாக்ஸ்லோவிட் மாத்திரைத் தொகுப்பில் இடம்பெற்ற அதே மருந்துதான். அது 3ஏ4 நொதியின் உற்பத்தியைத் தூண்டுகிறது, உருவான நொதியை முடக்கியும் விடுகிறது. செயல்திறனை மட்டும் அளப்பவர் வீழ்ச்சியையே காண்பார், தூண்டல் அவர் கண்ணுக்குப் படாது. தூது ஆர்என்ஏவை அளந்தாலோ அது உயர்ந்திருப்பது தெரிந்துவிடும். ஆகவே இன்று தூது ஆர்என்ஏ முதலிடம் பெறுகிறது. மருந்துகள் ஒன்றையொன்று பாதிப்பதை ஆராய்வது பற்றி 2024-இல் நிறைவுபெற்ற எம்12 என்ற சர்வதேச வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. அந்த வழிகாட்டியை வெளியிட்ட அமைப்பில் நம் சுகாதார அறிவியல் ஆணையமும் உறுப்பினர்.

குறைந்தது மூன்று கொடையாளர்களின் உயிரணுக்களில் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒருவரின் உயிரணு துள்ளி எழும் இடத்தில் இன்னொருவரின் உயிரணு சற்றே அசையும். ஆகவே மூன்று முடிவுகளையும் கூட்டிச் சராசரி காண்பது தவறு. ஒருவரிடத்திலேனும் தூது ஆர்என்ஏ இரு மடங்கோ அதற்கு மேலோ, மருந்தின் செறிவுக்கேற்ப உயர்ந்தால், தூண்டல் உண்டு என்றே கொண்டு அடுத்த ஆய்வுக்குச் செல்கிறோம். மருந்தின் நச்சுத்தன்மையால் உயிரணுக்கள் நலிந்தாலும் தூது ஆர்என்ஏவின் அளவு குறையும் என்பதால், அவற்றின் நலத்தையும் உடன் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மூலிகைகளையும் இதே தட்டில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனச்சோர்வுக்கு மேலைநாடுகளில் விற்கப்படும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை, இதய மாற்றுச் சிகிச்சை பெற்ற இருவரின் உடலில், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவைக் குறைத்து, உறுப்பு நிராகரிப்புக்கு இட்டுச்சென்றதை 2000-இல் சூரிச் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அம்மூலிகையில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற வேதிப்பொருள் பிரெக்னேன் எக்ஸ் ஏற்பியை இயக்குவதும், மனிதக் கல்லீரல் உயிரணுக்களில் 3ஏ4 நொதியைத் தூண்டுவதும் அதே ஆண்டில் நிறுவப்பட்டன. சீன மருந்துக்கடையிலும் ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்தை விற்பவரிடமும் சித்த மருத்துவரிடமும் நாம் வாங்கும் சாறுகளில் பல வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் எவை குடலைக் கடந்து, எந்தச் செறிவில் கல்லீரலை அடைகின்றன என்பதை முதலில் அளந்தால்தான், தட்டில் எவ்வளவு இடுவது என்பதையே முடிவுசெய்ய முடியும்.