ராஜா காசு உள்ளங்கையில் நின்றுவிட்டது

வணக்கம் நண்பர்களே. பேச்சு பிறகு, முதலில் இதைப் பாருங்கள். கீழே வலது கை, ஒரு சாண் உயரத்தில் இடது கை. நாணயம் கீழேயிருந்து மேலே தாவியது, பார்த்தீர்களா? இன்னொரு முறை. இன்னொரு முறை. தொடர்ந்து பத்து முறை, ஒன்றுகூடத் தவறவில்லை!

எட்டு மாதம். இந்த மசில் பாஸ் என்ற நாணய வித்தையோடு நான் எட்டு மாதமாக மல்லுக்கட்டியது பழைய வீடியோக்களைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். நூலும் இல்லை, காந்தமும் இல்லை. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் சதை ஒரு பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதை மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் நாணயத்தின் விளிம்பு. சதையை நெரித்தால், ஈரக் கையில் சோப்பு வழுக்குவதுபோல நாணயம் தெறித்து எழும். சொல்வதற்கு அவ்வளவுதான். உள்ளங்கையில் காய்த்துப்போயிருக்கும் இந்த இடத்தைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். இரண்டு முறை தோல் உரிந்து மறுபடி வளர்ந்த இடம் இது.

என்ன மாறியது என்று கேட்பீர்கள். நாணயம் மாறியது.

இதுவரை நான் பழகியது பத்து ரூபாய் நாணயத்தில். எங்கள் மஞ்சக்குப்பம் டீக்கடை அண்ணனிடம் அது டப்பா டப்பாவாகத் தேங்கிக் கிடந்தது, ஏனென்றால் யாரும் வாங்குவதில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. இன்னமும் "தம்பி, நோட்டாகக் கொடு" என்கிறார்கள். சரி, அந்தச் சண்டை வேறொரு நாளைக்கு. அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். இருபது ரூபாய் நாணயமும் அதே 27 தான், அதற்குப் பன்னிரண்டு பக்கம், விளிம்பில் கீற்றும் இல்லை. என் கையில் அது நிற்கவே மறுக்கிறது, எனக்கு அறவே பிடிக்காத நாணயம்.

நாம் படிக்கும் நாணய வித்தைப் பாடங்களில் பெரும்பாலானவை அமெரிக்க அரை டாலரை வைத்து எழுதப்பட்டவை. 30.6 மில்லிமீட்டர், 11.34 கிராம். மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று நானும் நினைத்தேன். உள்ளங்கைக்கு அது பெரிய தூரம். சின்ன நாணயத்தைப் பிடித்து நிறுத்தக் கையைக் குறுக்க வேண்டும். குறுக்கினால் விரல்கள் விறைத்துக்கொள்ளும். அப்புறம் எதிரே இருப்பவர் வேறெங்கே பார்ப்பார்?

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்குப் போயிருந்தேன். பழைய பூட்டு, ரேடியோ, கடிகாரம் எல்லாம் விரித்திருந்த ஒரு பெரியவரிடம் இது இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1918-ஆம் வருட வெள்ளி ரூபாய். விட்டம் 30.5 மில்லிமீட்டர், எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அரை டாலருக்குக் கூடப்பிறந்த அண்ணன்! நம் பாட்டன் பூட்டன் மடியில் முடிந்து வைத்திருந்த காசு இந்த வித்தைக்கென்றே வார்த்ததுபோல இருக்க, நான் டீக்கடை டப்பாவில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விலையைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் 3,200 என்றார். "ஐயா, தலை தேய்ந்திருக்கிறதே" என்றேன். "வெள்ளி தேயவில்லையே தம்பி" என்றார். நான் எழுந்து பழைய புத்தகக் கடை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். 2,800. ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். 2,600. கடைசியில் இருநூறு ரூபாய்க்காக இருவரும் கால் மணி நேரம் பேசினோம், 2,400-க்குக் கொடுத்தார். தேய்ந்த நாணயம் சேகரிப்பாளருக்குக் குறை, எனக்கு வரம். தேய்ந்தது கையில் சத்தம் போடாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், வாங்குவதற்கு முன் செய்தது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தமும் தராசும் வைத்திருப்பேன். போன வருடம் ஒரு கடையில் வெள்ளி என்று நம்பி இரும்பை வாங்கியவன் நான். இது காந்தத்தில் ஒட்டவில்லை, தராசில் 11.5 காட்டியது. தேய்மானம் போக அது சரியான எடை. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான், ஆனால் எடை அதேதான். பழகுவதற்கு மட்டும் என்றால் அதைத் தேடுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பழக ஆரம்பித்துவிட்டேன். கிருமாம்பாக்கம் தாண்டியதும் டிரைவர் பிரேக் போட்டார், நாணயம் போய்விட்டது! சீட்டுக்கு அடியில் உருண்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. 2,400 ரூபாய், நண்பர்களே. நான் குனிந்து தேடுகிறேன், மூன்று சீட் தள்ளி ஒரு ஆயா காலால் மிதித்து நிறுத்திவிட்டார். எடுத்து விரலால் தடவிப் பார்த்து, "இது ராஜா காசு ஆயிற்றே! என் மாமியார் இதில் நான்கைக் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்கள்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு அவருக்கு ஒரு மறைப்பு செய்து காட்டினேன். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, வலது உள்ளங்கையிலேயே நிறுத்திக்கொண்டேன். நாணயம் அசையவில்லை, விரல்கள் தளர்ந்துதான் இருந்தன. இடது கையை விரித்தேன், காலி. ஆயா சிரித்தபடி வலது கையைத் தொட்டு, "இங்கே இருக்கிறது தம்பி. நீதான் பார்த்தாயே" என்றார்.

என் கையை அவர் பார்க்கவே இல்லை. என் கண்ணைத்தான் பார்த்திருக்கிறார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து, கேமராவை முகத்துக்கு நேராக வைத்து என் கண்ணை மட்டும் படம் பிடித்தேன். நாணயத்தை உண்மையாகவே இடது கையில் போட்டபோது பார்வை இடது கையோடு போகிறது. மறைக்கும்போது, ஒரே ஒரு கணம், வலது பக்கம் ஓடித் திரும்புகிறது. இருபது முறையில் பதினாறு முறை! எட்டு மாதமாகக் கைக்கே கண்ணாடி வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது இதுதான்: ஐந்து முறை நிஜமாகப் போடுவது, ஆறாவது முறை மறைப்பது. வேகம், மூச்சு, பார்வை எல்லாம் நிஜமான ஐந்தைப் போலவே இருக்க வேண்டும். நேற்று இருபதில் ஏழாகக் குறைந்திருக்கிறது.

அடுத்தது, நான்கு நாணயங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறும் வித்தை. அதற்கு இதே அளவில் இன்னும் மூன்று வேண்டும். இந்த ஞாயிறு கடை விரிக்கும்போதே காந்தி வீதியில் இருப்பேன். அந்தப் பெரியவர் 2,400-லிருந்து பேச்சைத் தொடங்கினால் போதும்.